இடுப்பளவுக் கணக்கு

வாரும் மருமவனே, உக்காரும். அதை உமக்குச் சொல்லியா தரணும்! கையில அடி எண்ணுற வாட்ச் புதுசு போல. சோத்துக்குக் கை போய் வாறதையும் சேத்து எண்ணுதோ?

நடந்தா கெண்டைக்கால் இழுக்குது, அதான் நடக்கலைன்னு ஊரெல்லாம் சொல்லித் திரியுதீராம். திரியத்தான் வண்டி இருக்கே.

லண்டன்ல ஜெரி மாரிஸ்னு ஒரு டாக்டர் இருந்தாரு. அப்போ அங்க மாடி பஸ்ஸுல ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர். ஒரே ரோடு, ஒரே புகை. மாரடைப்பு மட்டும் டிரைவருக்கு அதிகம். 1953-ல அதை எழுதி வச்சாரு. டிரைவருக்கு நாள் முழுக்க இருக்கைதான். கண்டக்டர் ஏறி இறங்குறதுலயே 500 படிக்கு மேல தாண்டிருவாரு. இல்ல, தொப்பைதான் காரணமோன்னு மாரிஸுக்கே ஒரு சந்தேகம். மனுசன் என்ன செஞ்சாருங்கீரு? ரெண்டு பேருக்கும் யூனிஃபார்ம் தைச்ச இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பாத்தாரு வே! டிரைவர் இடுப்புதான் பெருசு, சரி. ஆனா ஒல்லி டிரைவரையும் ஒல்லி கண்டக்டரையும் நிறுத்திப் பாத்தாலும் கண்டக்டருக்குத்தான் ஆபத்து கம்மி. ஆக, எல்லாப் பழியையும் தொப்பை மேல போட்டுட்டு நீரு தப்பிச்சிர முடியாது. மாரிஸ் 99 வயசு வரைக்கும் இருந்தாரு.

நடைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கீரா? ரத்தக்குழாய்க்கு உள்ள ஒரு தோல் இருக்கு, ஒரே ஒரு செல் கனம். ஃபர்ச்காட்னு அமெரிக்காக்காரர் முயல் குழாயை வச்சு 1980-ல காட்டினாரு: அந்தத் தோல் முழுசா இருந்தா மருந்து பட்டதும் குழாய் தளரும், தேஞ்சு போச்சுன்னா தளராது. தளர வைக்கிறது அந்தத் தோல் விடுற நைட்ரிக் ஆக்சைடுங்கிற வாயு. 1998-ல அவருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் நோபல் குடுத்தாங்க. ரத்தம் வேகமா ஓடுனா அந்த வாயு கூடுதலா ஊறும். கால் நடந்தா ரத்தம் வேகமா ஓடும். சர்க்கரையும் பீடியும் அந்தத் தோலைத்தான் கெடுக்கும். நீரு ரெண்டையும் வச்சுக்கிட்டு வாட்ச் வாங்கியிருக்கீரு!

இதுல கூத்து என்னன்னா, காலுக்குப் போற குழாய் சுருங்கி இழுத்தா அதுக்கு டாக்டருங்க சொல்ற வைத்தியமே நடைதான். இழுக்குற வரைக்கும் நடக்கணும், நின்னு ஆறணும், மறுபடி நடக்கணும். வாரத்துக்கு மூணு நாளாச்சும், மூணு மாசம். அடைப்பு கரைஞ்சு ஓடிராது. இழுக்காம நடக்குற தூரம் கூடும். உமக்கு வந்திருக்கிறது அதுதானான்னு மொதல்ல டாக்டர்ட்ட காட்டும். படுத்திருக்கும்போதே வலிச்சாலோ, விரல் கறுத்தாலோ, புண்ணு ஆறலைன்னாலோ நடைப் பேச்சே வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிதான். மாத்திரையையும் உம்ம இஷ்டத்துக்கு நிறுத்தப்படாது.

என்ன, எந்திரிச்சிட்டீரு? வண்டிச் சாவியா? அது என் மடியில பத்திரமா இருக்கு. பீடிக்கட்டையும் இங்கன வச்சிட்டுப் போவும்.