மருந்தை ஜெயிக்க வைக்கிற வித்தை

பேராண்டி, கோட்கர் சரிவு முழுக்க உன் பேச்சாத்தான் கெடக்கு. ஆப்பிள் சொறிக்குப் புதுசா வந்த பூஞ்சை மருந்தை நீயே சோதிச்சுப் பாக்கப் போறியாமே! நல்ல காரியம். கடைக்காரர் முகம் இப்பவே ராயல் டெலிசியஸ் மாதிரி சிவந்து கெடக்கு.

மருந்து ஜெயிக்கணும், அதானே? அப்போ நான் சொல்றபடி செய். தோட்டம் பூராவும் அடிச்சிரு. அடிக்காத மரம்னு ஒண்ணைக்கூட விட்டுராத. விட்டேன்னு வை, "மருந்து படாத மரத்துலயும் சொறி காணோமே"ன்னு எவனாச்சும் கேட்டுத் தொலைப்பான். முக்கியமா, மழை இல்லாத வசந்தமாப் பாத்துக்கோ. 16 டிகிரிக்கும் 24 டிகிரிக்கும் நடுவுல சூடு இருந்தாக்கூட, இலை ஒம்பது மணி நேரம்போல நனைஞ்சு கெடந்தாத்தான் சொறி உள்ள எறங்கும்னு மில்ஸ்ங்கிற அமெரிக்கக்காரர் அந்தக் காலத்துலயே அட்டவணை போட்டுக் குடுத்துட்டாரு. இலை நனையாத வருஷத்துல வெறும் தண்ணியை அடிச்சாலும் பழம் பளபளன்னு வரும். தண்ணிக்கு விளம்பரம் பண்ண ஆளில்லை, அவ்வளவுதான்.

எடம் பாக்கணும். மேட்டுல, வெயில் விழுற, காத்தோட்டமாக் கவாத்துப் பண்ண மரங்களுக்குப் புது மருந்து. ஓடையோரம் நெழல்ல நெருக்கியடிச்சு நிக்கிற கெழட்டு மரங்களுக்குப் பழைய மேங்கோசெப். நௌனி பல்கலைக்கழகத்துப் புள்ளைங்க எந்த மரத்துக்கு எந்த மருந்துன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. ஒவ்வொரு மருந்தையும் மேட்டுலயும் அடிப்பாங்க, பள்ளத்துலயும் அடிப்பாங்க. உண்மை தெரியணும்னு அலையிறவங்க பொழப்பு அது. நமக்கெதுக்கு?

நாளும் பாரு. மேங்கோசெப், பூஞ்சை நுழையுறதுக்கு முன்னாடியே இலை மேல இருந்தாத்தான் தடுக்கும். அதனால 200 லிட்டர் டிரம்முக்கு 600 கிராம் கலந்து, மழை விட்டு ரெண்டு நாள் கழிச்சு சாவகாசமா அடி. உன் புது மருந்து டைபெனகொனசோல் இலைக்குள்ளயே எறங்கி, முந்தாநாள் நுழைஞ்சதையும் அமுக்கும். அதையும் அதே நாள்ல அடி. யாரு ஜெயிப்பாங்கன்னு ஜோசியம் பாக்க வேண்டியதே இல்லை.

அப்புறம் எண்ணிக்கை. கொம்புக்கு இத்தனை இலைன்னு புடிச்சு, புள்ளி எவ்வளவு பரவியிருக்குன்னு மார்க் போட்டு, கண்ணு பூத்துப் போறதெல்லாம் வேணாம். ரோட்டுல நின்னு ஒரு பார்வை போதும். கூட மருந்துக் கம்பெனி பையனும் நின்னா இன்னும் நல்லாத் தெரியும்.

ரெண்டு மூணு வருஷத்துல அந்த மருந்தும் கேக்காமப் போச்சுன்னா கவலைப்படாத, கடையில வேற பேர்ல டப்பா இருக்கும். உள்ள சரக்கு என்ன குடும்பம்னு சின்ன எழுத்துல போட்டிருப்பான், படிக்காத. ஒரே குடும்பத்து மருந்தையே திருப்பித் திருப்பி அடிச்சு, பூஞ்சை பழகிப்போயி, பெனோமிலும் டோடைனும் எத்தனையோ நாட்டுத் தோட்டங்கள்ல செல்லாக்காசாச்சு. 1973-ல காஷ்மீர், 1983-ல நம்ம மலைன்னு சொறி ஆடின ஆட்டத்தைப் பாத்தவங்களுக்கு இந்தச் சின்ன எழுத்து நல்லாவே தெரியும். நீ அப்போ பொறக்கலை.

இன்னொண்ணு, சும்மா காதுல போட்டு வை. பனிக்காலம் பூராவும் சொறி கீழ உதுந்த இலையிலதான் ஒளிஞ்சிருக்கு. அறுவடை முடிஞ்சு இலை உதிருறதுக்கு முன்னாடி 10 கிலோ யூரியாவை 200 லிட்டர் தண்ணியில கரைச்சு அடிச்சா, விழுந்த இலை சீக்கிரம் மக்கிரும். இதைச் சோதிச்சுப் பாருன்னு எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டாரு. யூரியா மூட்டைக்கு டைரி, காலண்டர்லாம் குடுக்குறதில்லை பாரு.

இல்லை தாத்தா, முறையாத்தான் செய்வேன்னு அடம்புடிச்சேன்னா, நாலஞ்சு மரத்தை மருந்தே அடிக்காம விட்டுத்தான் ஆகணும். அதுல விழுற புள்ளியை வச்சுத்தான் மத்ததை அளக்க முடியும். ஆனா மழை பேஞ்சா அந்தப் புள்ளியில இருந்து வித்து தெறிச்சுப் பக்கத்து மரத்துக்கும் தொத்தும். அதனால அந்த மரங்களை உன் வீட்டு வாசப்பக்கமாப் பாத்து விடு. என் வேலியோரம் விட்டே, ஒரு ராத்திரி நானே டிரம்மைத் தூக்கிட்டு வந்து அடிச்சிட்டுப் போயிருவேன்.