பாய் சுருட்டாமல் போனவர்கள்

சிஸ்டர்சியன் என்று ஒரு துறவிக் கூட்டம், 1098-இல் பிரான்சில் கிளம்பியது. ஆளில்லாத இடமாகப் பார்த்து மடம் கட்டி, வெள்ளைக் கம்பளி அங்கியில் வாழ்ந்தார்கள். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி அந்த மடங்களை மூடி, கூரையில் இருந்த ஈயத்தைக்கூட விடாமல் உரித்து விற்றார். வெள்ளைக்காரர்கள் இன்னமும் அந்த இடிசுவர்களைப் போய்ப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

நம்ம கழுகுமலைக்காரர்கள் இவர்களுக்கு முந்நூறு வருஷம் சீனியர். கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர்தான். அரைமலை என்று பேர் இருந்த காலத்தில், எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில், இங்கே ஒரு சமணப் பள்ளி ஓகோவென்று நடந்தது. ஆட்சி பாண்டியர்களுடையது. துறவிகள் திகம்பரர்கள், ஆடையே உடுத்தாதவர்கள். கரிசல்காட்டு வெயிலுக்கு இதுதான் தோது. கம்பளி அங்கியோடு ஒரு சித்திரை மாசம் இங்கே இருந்து பார்த்தால் தெரியும். ஒன்று மட்டும் உறுத்துகிறது. கடலை இந்தியாவுக்கு வந்து சேராத காலம் அது. கடலைமிட்டாயே இல்லாத சீமையில் துறப்பதற்கு அப்படி என்ன இருந்தது?

பள்ளி என்றால் படுக்கை. துறவிகள் படுத்த இடம் பள்ளி. அவர்கள் பாடம் சொன்னதால் படிக்கிற இடமும் பள்ளியாயிற்று. வகுப்பில் தூங்குகிற பையன்தான் அந்தச் சொல்லுக்கு முழு நியாயம் செய்கிறான். இங்கே வாத்தியார்களில் பெண்களும் உண்டு, குரத்தியர் என்று பேர். திருச்சாரணத்துக் குரத்தியார் செய்வித்த திருமேனி என்று பாறையிலேயே இருக்கிறது. அந்தத் திருச்சாரணம் குமரி மாவட்டத்துச் சிதறால். பஸ் இல்லாத காலத்துத் தூரம் அது.

குயவர், தச்சர், கொல்லர் என்று பலரும் சிலை செய்வித்து, கீழே வட்டெழுத்தில் பேர் வெட்டிக்கொண்டார்கள். ட்யூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிற குணம் நமக்கு நேற்று வந்ததல்ல. என்ன, இது ஃப்யூஸ் போகவில்லை.

சிலைகளில் பாகுபலி தவத்தில் நிற்கிறார். காலில் கொடி படர்ந்துவிட்டது. வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு இது அதிசயமாகத் தெரியாது. தீர்த்தங்கரர் பார்சுவநாதர் தலைக்கு மேலே அவருடைய பகையாளி கமடன் பாறாங்கல்லைத் தூக்கிவிட்டான். பாம்பு ஒன்று படத்தைக் குடையாகப் பிடிக்கிறது. இவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அதே மலையின் இன்னொரு பக்கம் வெட்டுவான் கோவில். ஒற்றைப் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து, விமானத்தை இழைத்து இழைத்து முடித்து, அடிப்பகுதியில் அப்படியே நிறுத்திவிட்டார்கள். அப்பன் சிற்பி பொறாமையில் மகன் சிற்பியைக் கொன்றுவிட்டான் என்று ஊரில் கதை. எனக்கென்னவோ பில் பாஸாகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

பள்ளியை எந்த ஹென்றியும் வந்து மூடவில்லை. சிஷ்யர்கள் குறைந்தார்கள், சோறு போட்டவர்கள் வேறு சாமிக்குப் போட்டார்கள். எறும்புக்குப் பயந்து மயிற்பீலியால் தரையைக் கூட்டி நடந்தவர்களின் இடத்துக்கு இப்போது பக்கத்து வீட்டுக்காரர் அய்யனார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை.

உச்சி வெயிலில் நானும் அந்தப் பாறையில் படுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வெந்ததும் புரண்டு படுத்தேன். மறுபக்கமும் வெந்தது. இறங்கி வந்து கால் கிலோ கடலைமிட்டாய் வாங்கினேன். கோவில்பட்டி பஸ் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.