மேல்நூலும் அடிநூலும்

எங்கள் லயத்துக்கு ஒரே ஒரு தையல் மிசின்தான் இருந்தது. பெரியம்மாவின் காம்பிராவில், இஸ்தோப்பு வெளிச்சம் விழுகிற மூலையில் நிற்கும். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் பல லயங்களுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. கால்மிதி மிசினுக்கு அது தேவையும் இல்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் ஜனவரியிலும் அதற்கு ஓய்வே கிடையாது. 1990களின் தொடக்கத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சீருடை, துணியாகத்தான் வந்தது. அதைச் சட்டையாகவும் கவுனாகவும் ஆக்கித் தரப் பெரியம்மா வேண்டும்.

பகலில் அவர் மலையில் கொழுந்து எடுப்பார். பெரட்டுக்குப் போய், பேர் விழுந்து, மாதம் முடிந்து சம்பளம் வரும். ஆனால் அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தை வீட்டு ஆண்தான் போய் வாங்கிவருவார். தையல் கூலி அப்படியில்லை. துணி கொண்டுவந்தவர் நேராகப் பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போவார். இந்த ஒன்றுக்காகவே அந்த மிசினை நான் மதிக்கிறேன்.

துணி வெட்டக் கற்றுத் தருவதற்கு முன்னால் அவர் நூல் கோர்க்கத்தான் கற்றுத் தந்தார். முதலில் சக்கரத்தைத் தன் பக்கமாகத் திருப்பி, நூலை இழுத்து ஏறி இறங்கும் கையை உச்சிக்குக் கொண்டுவருவார். அது பாதியில் நிற்கும்போது கோர்த்தால், முதல் தையலிலேயே மேலே ஏறி ஊசிக்காதிலிருந்து நூலை உருவிவிடும். பிறகு துணியை அமுக்கும் பாதத்தைத் தூக்கிவிடுவார். பாதம் மேலே இருந்தால்தான் நூலை இறுக்கும் இரண்டு தட்டுகளும் விலகி நூலை உள்ளே விடும். இறக்கிவிட்டுக் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு வெளியிலேயே தங்கிவிடும். தையல் மேலே ஒழுங்காகத் தெரியும்; துணியைப் புரட்டினால் அடியில் கொத்துக் கொத்தாகச் சிக்கு. பழகுகிறவர்கள் எல்லோரும் உடனே பொபினைக் கழற்றிப் பார்ப்பார்கள். கோளாறு மேல்நூலில் இருக்கும்.

கட்டையிலிருந்து புறப்படும் நூல் மேலே உள்ள கொக்கி வழியாக வந்து, தட்டுகளுக்குள் நுழைந்து, சின்னக் கம்பிச் சுருளில் பிடிபட்டு, உச்சியில் நிற்கும் கையின் துவாரத்துக்கு ஏறி, மறுபடி இறங்கி ஊசிக்கு வர வேண்டும். ஒரு இடத்தைத் தாண்டினாலும் தையல் காட்டிக்கொடுத்துவிடும். ஊசிக்காதில் எந்தப் பக்கமிருந்து விடுவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்பது மிசினுக்கு மிசின் மாறும். பெரியம்மா அந்தச் சண்டைக்கே போகமாட்டார்.

“கண்ணால தேடாத புள்ள, நகத்தால தேடு” என்பார்.

ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பக்கமிருந்துதான் நூல் காதுக்குள் போக வேண்டும். ஊசி துணியைக் குத்தி இறங்கும்போது நூல் பள்ளத்தில் ஒதுங்கிக்கொள்ளும். ஊசி சற்றே மேலே எழும்பும்போது மறுபக்கம் ஒரு சின்ன வளையமாக விரியும். கீழே முன்னும் பின்னும் ஆடும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பொபினைச் சுற்றிக் கொண்டுபோய், அடிநூலை அதற்குள் பூட்டிவிடுகிறது. கையூசிக்குக் காது தலையில் இருக்கிறது, மிசின் ஊசிக்கு நுனியில். அமெரிக்காவில் எலையாஸ் ஹவ் 1846இல் காப்புரிமை பெற்ற மிசின் இந்த நுனிக்காதை நம்பித்தான் இரண்டு நூலைப் பூட்டியது. அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே பெரியம்மா அந்த யோசனையை முழுதாகப் புரிந்துவைத்திருந்தார். அதைப் படிப்பு என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மிசின் சிங்கர் 15கே வகை. அந்த ‘கே’ ஸ்கொட்லாந்தின் கில்போவியைக் குறிக்கும். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில், கிளைட்பேங்கில் 1885இல் தொடங்கி 1980இல் மூடப்பட்ட சிங்கரின் பெரிய ஆலை அது. எங்களுக்கு மேலே, ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னைத் தோட்டத்தை 1890இல் வாங்கிய தோமஸ் லிப்டனும் கிளாஸ்கோக்காரர்தான். அங்கிருந்து துரைமார் வந்தார்கள், மிசின் வந்தது. இங்கிருந்து தேயிலை போனது. வந்தவற்றில் எங்கள் பெண்களின் கைக்குக் கிடைத்தது இந்த மிசின்.

இப்போது அக்கா மகள் கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ட்டில் வேலை செய்கிறாள். மலையகத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் இறங்கிப்போனார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது, 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1980களின் பிற்பகுதியிலேயே ஏற்றுமதி வருமானத்தில் ஆடை தேயிலையை முந்திவிட்டது. கொழுந்து எடுத்தவர்களின் பேத்திகள் இன்று நாட்டின் முதல் ஏற்றுமதிக்கு உழைக்கிறார்கள். அவர்கள் முன் நிற்பது மோட்டர் மிசின். நூலையும் அதுவே வெட்டிக்கொள்கிறது. பாட்டியின் நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து, பேத்தியின் மணிக்கு இத்தனை துண்டு. அக்கா மகளுக்கு விழுந்தது சட்டைக் கையின் பட்டி. கொலர் வேறொருத்திக்கு, பொத்தான் இன்னொருத்திக்கு. வருடக்கணக்காகத் தைத்தும் முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்ததில்லை.

இதில் அவள் குறை எதுவும் இல்லை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தால் வேகம் கூடும், செலவு குறையும். அதற்காகவே அப்படிப் பிரிக்கிறார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பி வரும்போது அந்தத் துண்டு அவளுக்குச் சோறு போடாது. கைப்பட்டி மட்டும் தைத்துக் கொடு என்று கொஸ்லந்தையில் யார் வருவார்கள்? மலையகப் பெண்களுக்குத் தையல் பயிற்சி என்று யார் தொடங்கினாலும், அளவெடுப்பதில் தொடங்கிப் பொத்தான் துவாரம் வரை முழு உடுப்பாகக் கற்றுத்தர வேண்டும். சம்பளத்துக்குப் பழக்குவது வேறு, தொழில் கொடுப்பது வேறு.

போன தடவை லீவில் வந்தவள், பெரியம்மாவின் மிசினைப் பார்த்து, “சித்தி, இதுல எப்படி நூல் கோக்கிறது?” என்று கேட்டாள். சக்கரத்தைச் சுற்றும் தோல் பட்டி வெடித்துப்போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கி, அளவுக்கு வெட்டி, கம்பியால் பூட்டினோம். நூலின் பாதையை ஒருமுறை காட்டியதும் பிடித்துக்கொண்டாள். தட்டும் கொக்கியும் ஏறி இறங்கும் கையும் அவளுடைய மிசினிலும் உண்டு. பள்ளத்தைச் சொல்லாமலே நகத்தால் தடவிக் கண்டுபிடித்தாள். கால்மிதிதான் பழக வேண்டியிருந்தது: சக்கரம் பின்னால் சுற்றினால் நூல் சிக்கிவிடும். அளவெடுப்பதும் வெட்டுவதும் அடுத்து வந்தன. லீவு முடிவதற்குள் அடுத்த காம்பிரா அக்காவுக்கு ஒரு பிளவுஸை, வெட்டிலிருந்து கொக்கி வரை, அவளே முடித்தாள்.

பிறகு என்னிடம் வந்து, “லைனிங் வச்ச பிளவுஸுக்கு டவுன்ல எவ்வளவு கூலி எடுக்கிறாங்க, சித்தி?” என்று விசாரித்தாள்.