சீனி மரமும் நானும்

காட்டு நடைக்கான படிவத்தில் வயது என்ற கட்டத்தில் 67 என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற மதுரை இளைஞர் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க போட்டுல போய்ப் பார்க்கலாமே?" என்றார். என் மனைவியும் அதே கட்சி. முழங்கால் மட்டும்தான் என் பக்கம். அதுவும் அரை மனதோடு.

தேக்கடிப் புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். அதில் எங்கள் பங்குக்குச் சில கிலோமீட்டர் நடை. காலில் முட்டிவரை துணி உறை மாட்டிவிட்டு, அதன்மேல் மூக்குப்பொடியைத் தூவினார் வழிகாட்டி. அட்டைக்கு மூக்குப்பொடி ஆகாதாம். எனக்கும் ஆகாது. "காட்டுக்குள்ள சத்தம் போடக் கூடாதுங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஏழு தும்மல் போட்டுவிட்டேன். பக்கத்தில் புலி ஏதும் இருந்திருந்தால், அந்நேரம் வருசநாடு போய்ச் சேர்ந்திருக்கும்.

மூங்கில் தெப்பத்தில் ஏரியைக் கடந்தோம். தண்ணீருக்கு மேலே மொட்டை மொட்டையாகக் கட்டைகள் நின்றன. 1895-ல் பெரியாறு அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிப்போன காடு. செத்து 130 வருடமாகியும் விழாமல், நீர்க்காகங்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டு நிற்கின்றன. நான் கம்பத்துக்காரன், அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன். அணையைக் கட்டிய பென்னிகுக்குக்காவது லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. இந்தக் கட்டைகளுக்கு என்ன இருக்கிறது? மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவைத்தேன்.

கரையேறிக் காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் போன இடம் தெரியவில்லை. இளைஞர் புலி எங்கே, யானை எங்கே என்று நச்சரித்துக்கொண்டே வந்தார். வழிகாட்டி ஒரு மரத்தடியில் போய் நின்றார்.

அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததே தவிர உச்சி தெரியவில்லை. அடியில் பலகை வேர்கள் ஆள் உயரச் சுவர்களாக நாலா பக்கமும் ஓடின. இரண்டு சுவருக்கு நடுவே தாராளமாக ஒரு கட்டில் போடலாம். "இந்தக் காட்டுல சத்தெல்லாம் மேல்மண்ணுலதாங்க. அதான் ஆழமா இறங்காம அகலமா ஊன்றி நிக்குது" என்றார். மாடிப்படி இறங்கும்போது நான் கையாளும் அதே உத்தி.

"என்ன மரம்?"

"சீனி மரம்ங்க."

"எனக்கும் இருக்கு. இருபது வருசமா."

இளைஞர் சும்மா இருக்காமல் மரத்தின் வயதைக் கேட்டார். "வளையத்தை எண்ணணும்னா வெட்டணும் தம்பி. வெட்டிரலாமா?" என்றார் வழிகாட்டி. படிவத்தை நீட்டியபோது நானும் இப்படி ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.

கண்ணுக்கு எட்டிய உயரத்தில் பெரிய பொந்து. உள்ளே பொக்கையானால் மரம் பிழைக்குமா என்று கேட்டேன், ஒரு சுயநலத்தோடு. "உசுரு பட்டைக்கு அடியிலதாங்க. நடுவுல இருக்கிற வைரம் செத்த கட்டை." இந்தக் காட்டில் இலவங்கப் பட்டையை உரித்துக் கடத்திய ஆட்களையே 1990-களில் மனம் மாற்றிக் காவலுக்கும் வழிகாட்டவும் வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் பட்டையைப் பற்றி எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது.

"பொந்து விழுற அளவுக்குப் பெருத்த கிழட்டு மரமாப் பார்த்துத்தான் இருவாச்சிப் பறவை குடி வரும். பொட்டை உள்ள போய் வாசலை அடைச்சுக்கும். மூணு நாலு மாசம் ஆண்தான் ஆலம்பழம், அத்திப்பழம்னு கொண்டாந்து இடுக்கு வழியா ஊட்டும்."

"கேட்டுக்கோங்க" என்றாள் மனைவி. காடு முழுக்க அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

விடுதிக்கு வந்து சட்டையைக் கழற்றினால் இடுப்பில் ரத்தம். உறை, மூக்குப்பொடி எல்லாவற்றையும் தாண்டி ஏறிய அட்டை, திராட்சை மாதிரி உருண்டு கிடந்தது. ஆறு பேரில் கடிபட்டவன் நான் ஒருவன்தான். இளைஞர் பதறிப்போனார். எனக்குக் கோபமே வரவில்லை. காலையிலிருந்து என் வயதைப் பார்க்காமல் என்னைச் சேர்த்துக்கொண்ட ஒரே ஜீவன் அதுதானே!