பரீட்சைக்கு வராத பெட்டி

தலவில அன்னம்மாள் கோயில் கடற்கரையில் சூழல் பாடம் படிக்க ஒரு வகுப்பு வந்திறங்கியது. டீச்சர் குச்சியால் மணலில் உணவுச் சங்கிலி வரைந்தார்: பிளாந்தன், இறால், மீன், மனிதன். வரைந்த கையோடு சாப்பாட்டு நேரம். லஞ்ச் ஷீட்டையும் ரெஜிபோம் பெட்டியையும் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தாயிற்று. அந்தத் தடை பிள்ளைகளின் கண்முன்னே காற்றில் பறந்துகொண்டிருந்தது.

பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம்; அதுவும் மணலில் இல்லை. புத்தளம் களப்போரம் கண்டல்களை வெட்டி இறால் பண்ணை தோண்டியதும், 1990களில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகளைப் பாழாக்கியதும் மணலில் வரையப்படவில்லை. கொழும்புக் குப்பைக்கு இதே மாவட்டத்து அருவாக்காலுவில் இடம் பார்த்த கதையும் அப்படியே.

“டீச்சர், சங்கிலியில இந்தப் பெட்டி எங்க வரும்?” என்றான் ஒரு பொடியன்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். “அது பரீட்சைக்கு வராது மகன்.”

பொடியன் நிம்மதியாகப் பெட்டியைக் கீழே வைத்தான். நேரம் முடிந்ததும் விடைத்தாள் வாங்க வருகிறவரைப்போல அலை வந்து அதை வாங்கிக்கொண்டு போனது. திருத்தித் திருப்பித் தரும். எப்போது என்றுதான் சொல்லவில்லை.