பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் பிற்பகல் தேநீர்: ஒரு முன்னாய்வு

இங்கிலாந்தின் பிற்பகல் தேநீர் வரலாற்றை ஆய்வறிஞர்கள் ஒரு சீமாட்டியின் வயிற்றிலிருந்து தொடங்குவது மரபு. 1840-ஐ ஒட்டி, மதியச் சாப்பாட்டுக்கும் இரவு எட்டு மணி விருந்துக்கும் நடுவே பெட்ஃபோர்டு கோமகள் அன்னாவுக்குப் பசி எடுத்தது. அறைக்கே டீயும் ரொட்டியும் வெண்ணெயும் வரவழைத்துச் சாப்பிட்டார். பிறகு தோழிகளையும் கூப்பிட்டுக்கொண்டார். இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பசி பிற்காலத்தில் எங்கே போயிற்று என்று எவரும் தேடவில்லை. அது மேட்டுப்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதற்சான்று ரயில்வே கால அட்டவணை. ஊட்டியிலிருந்து மலை ரயில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கத் தொடங்குகிறது. அதைப் பிடிக்க நினைப்பவர் பன்னிரண்டரைக்கே எதையோ அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பார். வண்டி மேட்டுப்பாளையம் வந்து நிற்கும்போது ஐந்தரை தாண்டியிருக்கும். அங்கிருந்து சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்புவதோ இரவு ஒன்பது மணி வாக்கில். கோமகளுக்கு அரண்மனை விருந்து முறை உண்டாக்கிக் கொடுத்த அதே வயிற்றுப் பாழை நமக்குத் தெற்கு ரயில்வே உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது.

சரி, நாலு மணிக்கு அந்த வண்டி எங்கே இருக்கும்? குன்னூருக்கும் கல்லாறுக்கும் நடுவே, பல்சக்கரப் பாதையில். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் ஓடத் தொடங்கி, 2005-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பாதை. இந்தப் பகுதியில் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று வரை போகிறது. பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி இறக்கம். வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் மேசை நாகரிகம் பற்றி எழுதியவர்கள் யாரும் ஐந்து டிகிரி சாய்ந்த மேசையைக் கருத்தில் கொள்ளவில்லை என்பதை இங்கே வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தக் குறையை நம் ரயில்வே வாரியம் நிறைவு செய்தது. 2018-இல் டீ விலையை ஏழு ரூபாயிலிருந்து பத்தாக ஏற்றியபோது, 170 மில்லி பிடிக்கும் காகிதக் கப்பில் 150 மில்லி டீ தர வேண்டும் என்று அளவும் சொல்லியிருந்தார்கள். மீதி 20 மில்லி எங்கே என்று பயணிகள் புலம்பினார்கள். கணக்குத் தெரியாதவர்கள்! கப்பின் வாய் 7 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 20 மில்லி காலியிடம் என்பது விளிம்புக்குக் கீழே சுமார் 5 மில்லிமீட்டர். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் அந்தக் கப்பை ஜன்னலோரப் பலகையில் வைத்தால் டீ ஒரு பக்கம் ஏறும் உயரம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு சொட்டு சிந்தாது. கஞ்சத்தனம் என்று ஏசப்பட்டது பொறியியல் என்று இதனால் நிறுவப்படுகிறது. வண்டி குலுங்கும்போது என்ன ஆகும் என்பது இவ்வாய்வின் வரம்புக்கு வெளியே.

இடையில் ஹில்குரோவ். எஞ்சின் இங்கே நின்று தண்ணீர் குடிக்கும். அது குடிக்கும் நேரத்தில் நாம் டீ குடித்தாக வேண்டும். ஐ.எஸ்.ஓ. 3103 என்று 1980-இல் வந்த ஒரு பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது: 100 மில்லிக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம் ஊற விட வேண்டும். சுவைச் சோதனைக்காக வகுத்தது. விசில் சத்தத்தைக் கணக்கில் எடுக்காமல் வகுத்தது. இலையை ஆறு நிமிடம் ஊறவைத்து வடிப்பதற்குள் வண்டி கல்லாற்றைப் பார்க்கப் போய்விடும். 1930-களில் அசாமில் மக்கெர்ச்சர் என்பவர் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரத்தைச் செய்தாரே, அந்த சி.டி.சி. தூள்தான் நம்மைக் காப்பாற்றியது. கொதிக்கும் பாலில் போட்ட மாத்திரத்தில் சாயம் இறங்கும். நீலகிரியின் ஆலைகள் பெரும்பாலும் இதைத்தான் அரைத்துத் தள்ளுகின்றன. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்திய ஜங்ஷன்களில் கெட்டிலும் கோப்பையும் கொடுத்து, ஐரோப்பிய முறையில் டீ போடுவது எப்படி என்று வியாபாரிகளுக்குத் தேயிலைச் சங்கத்தார் பாடம் நடத்திப் பார்த்தார்கள். வியாபாரிகள் கெட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, பாலையும் சர்க்கரையையும் தங்கள் இஷ்டத்துக்குக் கூட்டிவிட்டார்கள். பாடம் நடத்தியவர்கள் தோற்ற இடத்தில் டீ ஜெயித்தது.

இனி மூன்றடுக்குத் தட்டு. அடியில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக். கீழிருந்து மேலாகச் சாப்பிட வேண்டும் என்பது விதி. லோயர், மிடில், அப்பர் என்று ஸ்லீப்பர் பெட்டியில் வளர்ந்த நமக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. அங்கும் பண்டம் பிரிபடுவது லோயரில்தான். அப்பர்காரர் இறங்கி வந்து ஓரமாக உட்கார்ந்து பங்கு வாங்கிக்கொள்வார்.

ஸ்கோன் மீது முதலில் க்ரீமா, ஜாமா என்று டெவன்காரர்களும் கார்ன்வால்காரர்களும் இன்னும் சண்டை போடுகிறார்கள். கோவையில் டீ குடிக்கப் போகிறவர் பேக்கரிக்குப் போவதாகத்தான் சொல்வார். அந்த பேக்கரிகளில் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. மாஸ்டர் கல்லில் பன்னைப் போட்டு வெண்ணெய் தடவுவார், ஜாம் பிறகுதான். டெவன் கட்சி. கார்ன்வால் முறையைக் கேட்டுப் பார்த்தால், “ஏனுங்ணா, ஜாம் கல்லுல புடிச்சுக்குமுங்க” என்று ஒரே வரியில் பதில் வருகிறது. இவ்வளவு தெளிவான வாதத்தை இங்கிலாந்துத் தரப்பில் காண முடியவில்லை. வர்க்கியை டீயில் முக்குவதா, கடித்துவிட்டு டீ குடிப்பதா என்ற பிரச்சினைதான் இங்கே உயிரோடு இருக்கிறது. முக்குவதே சரி என்பது இவ்வாய்வாளரின் நிலைப்பாடு. ஊட்டியில் வாங்கிய வர்க்கிப் பொட்டலம் ஹில்குரோவ் வரை பிரியாமல் வந்தால் ஆச்சரியம். அங்கே பிரித்தால் குரங்குகள் வந்து உட்காரும். அழையா விருந்தாளிக்கு என்ன பரிமாறுவது என்பதில் விக்டோரியா கால நூல்கள் உதவாது.

ஐந்தரைக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் நடப்பது ‘ஹை டீ’. இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளி வேலை முடிந்து வந்து, இறைச்சி, உருளைக்கிழங்கு, டீ எல்லாவற்றையும் ஒன்றாக உண்ட சாயங்காலச் சாப்பாடு அது. நட்சத்திர ஓட்டல்கள் குட்டிக் கேக்குகளை அடுக்கி வைத்து அந்தப் பெயரில் விற்கின்றன. ஸ்டேஷனுக்கு வெளியே அது பரோட்டா, சால்னா, டீ என மூலவடிவம் பிசகாமல் கிடைக்கிறது.

யார் காசு கொடுப்பது என்பது மட்டும் தீராத சிக்கல். இங்கிலாந்தில் அழைத்தவர் கொடுப்பார். கொங்கு நாட்டில் கூட வந்த அத்தனை பேரும் அழைத்தவர்களே. “நீங்க கைய எடுங்க, நான் குடுக்கறனுங்க” என்று ஆரம்பித்தால் கல்லாவில் இருப்பவர் முன்பெல்லாம் பக்கத்தில் நீண்ட நோட்டைப் பிடுங்கி வழக்கை முடித்துவிடுவார். இப்போது இருவர் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்து இரண்டு தடவை பணம் போய்விடுகிறது. திருப்பி அனுப்பச் சொல்வது மரியாதை இல்லை. கணக்கை நேர்செய்ய இன்னொரு ரவுண்டு டீ சொல்கிறார்கள். நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.