துறைமுகத்தைக் கேட்கும் செப்புக் கம்பி

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குத் துறைமுகம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. உவர்மலைச் சரிவில் நின்றால் உட்துறைமுகம் முழுவதும் விரிந்து கிடக்கும். சீனக்குடாப் பக்கம் பிறிமா மாவாலையின் உயர்ந்த கட்டடங்கள், டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, காட்டுக்குள் பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்க் குதங்கள், இந்தப் பக்கம் கடற்படைத் தளம். நான் சிறுவனாக இருந்த காலத்தில் கப்பல் வருவதும் நங்கூரம் போடுவதும் போவதும் எல்லோரும் பார்க்கும் காட்சி. எந்த நாட்டுக் கப்பல், எதை ஏற்றி வந்தது, அடுத்து எங்கே போகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் உறவினர் எவராவது இருந்தால் ஏதாவது தெரியவரும்.

இன்று அந்த விபரம் எல்லாம் என் வீட்டு மாடியில் நிற்கும் 46 சென்ரிமீற்றர் செப்புக் கம்பியில் வந்து விழுகிறது. கம்பியின் மறுமுனையில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று விற்கப்பட்ட, விரலளவு மலிவுக் கருவி ஒன்று. அதற்குப் பின்னால் டெபியன் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் பழைய மடிக்கணினி. எவரும் திறந்து பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் எழுதுவதும் திருத்துவதும் என் தொழில். மாலையில் வேலை முடிந்த பிறகு கப்பல்களைக் கேட்பது என் பொழுதுபோக்கு.

பன்னாட்டுப் பயணம் போகும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாம் தம்மை அறிவிக்கும் கருவி ஒன்றைப் பொருத்தியிருக்க வேண்டும் என்ற விதி 2004 முடிவில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்தக் கருவியை ஏ.ஐ.எஸ். என்பார்கள். 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் ஒவ்வொரு கப்பலும் தன் 9 இலக்க எண்ணையும் நிற்கும் இடத்தையும் வேகத்தையும் திசையையும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஓடும்போது சில செக்கனுக்கு ஒரு தடவை, நங்கூரமிட்டு நிற்கும்போது 3 நிமிடத்துக்கு ஒரு தடவை. ஓர் அலைவரிசையில் ஒரு நிமிடத்தை 2250 கூறாகப் பிரித்து, யார் எந்தக் கூறில் பேசுவது என்பதைக் கப்பல்கள் தமக்குள்ளேயே ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. நடுவில் நின்று கட்டளையிட எவரும் தேவையில்லை. செய்திக்குப் பூட்டும் கிடையாது. இருட்டில் இரண்டு கப்பல்கள் மோதாமல் இருக்க வேண்டுமென்றால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்கியாக வேண்டும். இதை வடிவமைத்தவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விபரம், கப்பலின் அடி நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற எண். மாவாலைக்குக் கோதுமை ஏற்றி வரும் கப்பல் உள்ளே நுழையும்போது அந்த எண் பெரிதாக இருக்கும். சில நாட்கள் கழித்து இறக்கிவிட்டுத் திரும்பும்போது சிறுத்திருக்கும். அந்த வித்தியாசம்தான் நாங்கள் காலையில் சம்பலோடு சாப்பிடும் பாண். மாலுமி கையால் பதிய வேண்டிய எண் என்பதால் சில கப்பல்களில் அது மாறாமலே இருந்துவிடும். அப்படியானால் கப்பலின் பக்கத்தில் சிவப்புப் பூச்சு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று கடற்கரையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தொலைக்காட்சிக் கருவி கப்பலைக் கேட்கும் கதையையும் சொல்ல வேண்டும். இந்த வகைக் கருவிகளில் இருக்கும் சில்லு, பண்பலை வானொலி கேட்கும்போது அலையைப் பண்படுத்தாமல் அப்படியே கணினிக்கு அனுப்புகிறது என்பதை 2012இல் அந்தி பலோசாரி என்ற பின்லாந்துக்காரர் கண்டார். லினக்ஸுக்கு இயக்கி எழுதிக்கொண்டிருந்தவர் அவர். ஒஸ்மோகொம் என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் அதற்கென்று ஒரு நிரலகத்தை எழுதி வெளியிட்டார்கள். அலையைப் பிரித்துப் படிக்கும் கணக்குகளை 2001இல் எரிக் புளொசம் தொடங்கிய குனூ ரேடியோ என்ற கட்டற்ற மென்பொருள் ஏற்கெனவே எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தது. பெரும்பணம் வேண்டியிருந்த ஒரு பரிசோதனைக்கூடம் சில ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிட்டது. ஒலிபரப்புவதற்கு உரிமம் வேண்டும். நான் கேட்க மட்டுமே செய்கிறேன்.

கேட்கும் பழக்கம் எனக்கு மாமாவிடமிருந்து வந்தது. 1980களில் ஜேர்மனியின் டொய்ச்ச வெலெ வானொலி திருகோணமலைக்கு வடக்கே பெரிய மறுஒலிபரப்பு நிலையம் ஒன்றை நடத்தத் தொடங்கியது. அதன் கோபுரங்களிலிருந்து ஆசியாவின் பல பக்கங்களுக்கு நிகழ்ச்சிகள் போயின. எங்கள் வீட்டு வானொலியில் முள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும் விளங்காத மொழி ஒன்று குறுக்கே வரும். மற்றவர்களுக்கு அது தொல்லை. மாமா கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து நேரம், அலைவரிசை, தெளிவு, இரைச்சல், மங்கல் என்று எழுதுவார். சமிக்ஞையின் தரத்தை ஐந்து எண்களில் குறித்து அறிக்கையாக்கித் தபாற்கந்தோரில் சேர்ப்பார். மாதங்கள் கழித்து உறுதிப்படுத்தும் படஅட்டை வரும். அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை, பார்க்கலாம். வானொலி பழுதானால் பின்மூடியைக் கழற்றுவார். மூடியின் உட்புறத்தில் மின்சுற்று வரைபடம் ஒட்டியிருக்கும். எந்தப் பாகம் எங்கே என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருந்தார்கள். ஒரு கருவி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் அப்போதே நம்பிவிட்டேன். இன்றும் அதே நம்பிக்கைதான். டொய்ச்ச வெலெயின் அந்த நிலையம் பிற்பாடு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது.

பொழுதுபோக்கு என்றால் உருப்படாத வேலை என்று நினைக்கும் பெரியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களுக்கு விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கைக் காட்டுவேன். தொடர்புச் செய்மதிகளை எங்கே நிறுத்தலாம் என்று 1945இல் எழுதிய மனிதர், 1950களில் இலங்கைக்கு வந்தது கடலடியில் நீந்தும் ஆசையால். 1956இல் அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலுக்குள் கண்டார்கள். எவரும் சம்பளம் கொடுத்து அவர்களை அங்கே இறக்கவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸும் 1991இல் தன் லினக்ஸ் இயங்குதளத்தை அறிவித்தபோது அதைப் பொழுதுபோக்கு என்றே சொன்னார். இப்போது உலகின் வழங்கிகளில் பெரும்பாலானவை அதில் ஓடுகின்றன.

என் கைக்கு லினக்ஸ் வந்தது தபாலில். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் இறுவட்டுகளை முகவரி கொடுத்தால் உலகின் எந்த மூலைக்கும் காசில்லாமல் அனுப்பினார்கள். 2011வரை அந்த ஏற்பாடு இருந்தது. எங்களுக்கு அது வந்த காலம் 2006. உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டு மாவிலாறில் சண்டை தொடங்கி, மூதூர் மக்கள் இடம்பெயர்ந்து, நகரத்தில் சோதனைச்சாவடியும் ஊரடங்குமாக இருந்த நாட்கள். நெட் கபேக்குப் போகவும் முடியாது, போனாலும் இணைப்பு நிச்சயமில்லை. அந்த 700 மெகாபைட்டுக்குள் இயங்குதளம், எழுதும் செயலி, படம் திருத்தும் செயலி, நிரல்மொழிகள், ஒவ்வொரு கட்டளைக்கும் கைநூல் எல்லாம் இருந்தன. நிறுவாமலே ஓட்டலாம் என்பதால் நண்பன் வீட்டுக் கணினியிலும் கைவைக்க முடிந்தது. வெளியே போக முடியாத மாலைகளில் கைநூல் பக்கங்களை வரிவரியாகப் படித்தேன். கேட்பதற்கு ஆசிரியர் இல்லாத ஊரில், மென்பொருளே தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னது. இன்றைக்கு என் சோற்றுக்கு வழி அந்தப் பக்கங்களில் கற்றதுதான்.

அதற்குச் சற்று முன்னர் கொழும்பிலும் ஒரு பெரிய காரியம் நடந்திருந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. திருகோணமலைக் கரையும் தப்பவில்லை. காணாமற்போனவர் யார், எந்த முகாமில் யார், எங்கே என்ன தேவை என்ற கணக்கு எவரிடமும் இல்லை. லங்கா மென்பொருள் நிறுவகத்தைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களும் சில வாரங்களுக்குள் ‘சகனா’ என்ற மென்பொருளை எழுதி ஓட்டினார்கள். அதைக் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார்கள். அதனால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் எவரும் முதலிலிருந்து எழுதவேண்டி இருக்கவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருது 2006இல் சகனாவுக்குக் கிடைத்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. அதுவும் விக்கிப்பீடியாவுக்காக எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருளில்தான் நிற்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, பிரதி எடுக்கத் தடையில்லாத மென்பொருள் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டில் உயர்தரம் படிக்கும் பெடியன் ஒருவன் அடிக்கடி மாடிக்கு வருவான். திரையில் கப்பல்கள் நகர்வதைப் பார்த்துவிட்டு, “மாமா, இதை என்ர போனில செய்யேலாதா?” என்று கேட்டான். செய்யலாம் என்று கம்பியைப் பொருத்திக் காட்டினேன். ஓடவில்லை. அவனுடைய கைபேசிக்குத் தயாரிப்பாளர் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், செயலியோ புதிய பதிப்பைக் கேட்டது. வேறு இயங்குதளம் ஏற்றலாமென்றால் தொடக்க நிரல் பூட்டியிருக்கிறது. நான்கு ஐந்து வருடத்துக்கு முந்திய கருவி. திரை நல்லது, மின்கலம் நல்லது, என் முதல் கணினியைவிடப் பல மடங்கு வேகம். அவனுடைய பாடச் செயலியும் இன்னும் சில மாதத்தில் அதில் திறக்காமல் போகும். புதியது வாங்க வீட்டில் வசதியில்லை. 2006இல் வந்த இறுவட்டு என் அலுமாரியில் இருக்கிறது. அதே காலத்துக் கணினியில் போட்டால் இன்றும் ஏறும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். எங்களிடம் எதுவும் இல்லாத காலத்தில், கைக்கு வந்த கொஞ்சமும் திறந்தபடி வந்தது. இன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் ஒரு கணினி. அதற்குள் பார்க்கும் உரிமை பிள்ளைக்கு இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளைத் தூர இருக்கும் ஒரு நிறுவனம் தீர்மானிக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு எங்கள் மாவட்டத்தில் குறைவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்பை இழப்பவர்கள் முதலில் அவர்கள்தான், கொழும்பில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

திறந்தபடி வந்தவை இன்றும் கைகொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். 2022 மார்ச் முடிவில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் போனால் சற்று நேரத்தில் கைபேசி இணைப்பும் மெலிந்துவிடும். கிவிக்ஸ் என்ற கட்டற்ற செயலியும், தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் அடக்கிய ஒரு பென் டிரைவும் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சுற்றின. அந்த வாரங்களில் பிள்ளைகள் அதில் படித்தார்கள். ஊரடங்கு நாட்களின் இறுவட்டு செய்த அதே வேலையை, பதினாறு வருடம் கழித்து, வேறு காரணத்துக்காக இது செய்தது.

பெடியனுக்கு ஒதுக்கிப் போட்ட ஒரு மடிக்கணினியைக் கண்டுபிடித்து டெபியன் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் கப்பல் எண்களின் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும் என்று தானாகவே கண்டுபிடித்துவிட்டான். 417 இலங்கை, 419 இந்தியா. பிறகு அவன் கேட்ட கேள்விதான் என்னை இப்போது வேலை வாங்குகிறது. “எங்கட வள்ளங்கள் ஏன் இதில இல்லை?”

கடற்படைக் கப்பல்கள் தம்மை அறிவிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அது எதிர்பார்த்ததே. ஆனால் கொட்டியாரக் குடாவில் இரவில் வலை விரிக்கும் பைபர் வள்ளங்களில் இந்தக் கருவியே கிடையாது. சட்டம் கேட்பதும் இல்லை, வாங்கும் விலையிலும் இல்லை. திரையில் வெறும் நீலமாகத் தெரியும் இடத்தில் உண்மையில் நூறு விளக்குகள் எரியும். அந்த வெறுமையைக் கடல் என்று நம்புகிறவர்களுக்கு மீனவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். வரைபடம் எதைக் காட்டவில்லை என்பதை வரைபடமே சொல்ல வேண்டும். என் திரையின் கீழே அந்த வரியைத் தமிழில் சேர்த்துவிட்டேன்.

அது போதாது. மூதூர்ப் பக்கத்து மீனவர் சிலரிடம், உங்களுக்கு இதில் எது உதவும் என்று கேட்டேன். ஒருவர் உடனே சொன்னார்: “தம்பி, கப்பல் எங்க நிக்குதெண்டு எனக்கு வேண்டாம். நான் வலை போட்ட பக்கம் வருதோ, எத்தினை மணிக்கு வரும், அதைச் சொல்லு.” இரவில் பெரிய கப்பல் குறுக்கே போனால் வலை அறுந்துவிடும், ஒரு வலை அவர்களுக்குப் பல மாத உழைப்பு. கணக்குக் கடினமில்லை. கப்பலின் திசையும் வேகமும் என்னிடம் வருகின்றன. வலை இருக்கும் இடத்தை வள்ளத்தில் உள்ள பழைய கைபேசி வைத்திருக்கும். கரையிலிருந்து செய்தி போகும் தூரத்துக்கு அப்பால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். கம்பியும் அலைவாங்கிக் கருவியும் வள்ளத்திலேயே இருந்தால் இணைப்பு இல்லாமலே கேட்கலாம். உப்புக்காற்றும் மின்கலமும் அடுத்த தொல்லை. எச்சரிக்கை ஒலியைப் பெடியன் எழுதுகிறான். எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்பதால் மூன்று விதமாகச் செய்து வைத்திருக்கிறான். மழைக்குத் தாங்கும் பெட்டிக்கு, சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மீனவரே கொண்டுவந்து தந்தார். நிரலை ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் போட்டிருக்கிறேன், கல்முனையிலோ நாகபட்டினத்திலோ யாருக்காவது தேவைப்பட்டால் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். கச்சான் காற்று அடங்கியதும் முதல் வள்ளத்தில் ஏற்றிப் பார்க்கப் போகிறோம்.